மரத்தடியில் சிந்திய காசுகள்

"தம்பியைக் கொஞ்சம் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டு போய் வா" என்று விடுமுறை நாளில் அம்மா சொன்னால் உங்களில் பலருக்கு முகம் சுருங்கும் அல்லவா? ஐந்து வயதுத் தம்பியோடு நடப்பது லேசான காரியம் அன்று. பத்தடி நடந்தால் நின்றுவிடுவான். எறும்பு வரிசையைப் பார்ப்பான். கீழே கிடக்கும் காயைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். "இது என்ன? இது ஏன்?" என்று துளைத்தெடுப்பான். நீங்களோ அவனை இழுத்துக்கொண்டு போய் ஊஞ்சலில் உட்கார வைத்துவிட்டு, பெஞ்சில் இருக்கும் உங்கள் நண்பர்களோடு கலந்துகொள்வீர்கள்.

இளம் நண்பர்களே! இந்தக் கட்டுரை அந்தத் தம்பியைப் பற்றியது. தங்கையானாலும் சரிதான். அவனோடு ஒரு மணி நேரம் பூங்காவில் எப்படி நடப்பது என்று சொல்லப்போகிறேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் ஆரம்பத்தில் இந்த வேலை தெரியாது. தெரியாமல் நான் செய்த ஒரு தவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டு, மே மாதம். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு ஞாயிறு காலை பத்து மணி அளவில் அவளைத் திருச்சியில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே அடர்ந்த புங்க மரம் ஒன்று உண்டு. அதன் நிழலில் கால் வைத்தவுடன் அவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

"அப்பா, இங்க பாருங்க! யாரோ காசு கொட்டியிருக்காங்க!"

மரத்தடியில் நிழலுக்கு நடுவே வெளிச்சப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன. உண்மையிலேயே காசுகளைப் போலத்தான் இருந்தன. எல்லாம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் விலகியும் கிடந்தன. காற்றடித்தபோது அத்தனையும் குலுங்கின. அவள் குனிந்து ஒன்றை எடுக்கப் பார்த்தாள். அது அவள் கையின் மேல் ஏறிக்கொண்டது. "ஏன் அப்பா எல்லாம் வட்டமா இருக்கு?" என்றாள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இது ஊசித்துளைப் படப்பெட்டியின் தத்துவம் அல்லவா! ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதில் தொடங்கினேன். துளை, பிம்பம், தலைகீழாதல் என்று சொல்லிக்கொண்டே போனேன். தரையில் குச்சியால் படமும் வரைந்தேன். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். "போகலாமா அப்பா?" என்றாள். வீடு வரும்வரை வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு மூன்று வாரங்களும் பூங்காவில் அவள் எதையும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் அப்பா பாடம் எடுத்துவிடுவார் என்ற பயமோ என்னவோ!

நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளுடையது. அதை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு நான் விளையாடிவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் கல்லூரி மாணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாண்டு வகுப்பில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: "மரத்தடியில் வெயில் பொட்டுகள் ஏன் வட்டமாக இருக்கின்றன?" பலரும் தயங்காமல் சொல்லும் விடை, "இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் வட்டமாக இருப்பதால்" என்பது. இவர்கள் எல்லாரும் பள்ளியில் ஊசித்துளைப் படப்பெட்டியை வரைந்து, பாகங்களைக் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவர்கள். மரத்தடியில் நூறு தடவை நின்றவர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. சில இலைகளை அருகருகே பிடித்துப் பாருங்கள். இடைவெளி முக்கோணமாகவோ, நீண்ட கீற்றாகவோ, கோணல்மாணலாகவோதான் இருக்கும். வட்டமான இடைவெளி அபூர்வம்.

சரி, என் மகளுக்குத் திரும்பக் கேள்வி வந்தது எப்படி? அதற்குக் காரணம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அப்போது அவள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுக்கு ஆறு வயதில் ஒரு தம்பி. ஒரு நாள் நாங்கள் நால்வரும் பூங்காவுக்குப் போனோம். அதே மரத்தடி. அதே கேள்வியை அந்தப் பையன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"தெரியலையே! ஓட்டை வட்டமா இருக்கோ? நீ என்னடா நினைக்கிறே?"

"ஆமா, வட்ட ஓட்டை" என்றான் அவன்.

"சரி, நாம சதுர ஓட்டை போட்டுப் பார்ப்போமா?"

கீழே உதிர்ந்து கிடந்த பெரிய பாதாம் மர இலை ஒன்றை எடுத்தாள். நடுவில் நகத்தால் கிள்ளினாள். சதுரம் வரவில்லை, முக்கோணம் மாதிரி வந்தது. அரை சென்டிமீட்டர் இருக்கும். வெயிலுக்கு வந்து அந்த இலையைத் தரைக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்தில் பிடித்தாள். இலையின் நிழலுக்குள் முக்கோணமாக ஒரு வெளிச்சம் விழுந்தது. "பார், வட்டம் இல்லையே!" என்றாள் தம்பியிடம். பிறகு அவனைத் தூக்கி சிமெண்டு பெஞ்சின் மேல் நிறுத்தி, இலையை அவன் கையில் கொடுத்து, எவ்வளவு உயரமாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு உயரமாகப் பிடிக்கச் சொன்னாள். தரையில் விழுந்த பொட்டு வட்டமாகிவிட்டது!

பையன் கத்தினான். என் மகளோ பெஞ்சின் மேல் ஏறி, "நான், நான்" என்று இலையைப் பிடுங்கிக்கொண்டாள். அடுத்த அரை மணி நேரம் இருவரும் இலைகளில் விதவிதமாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கீற்று, நட்சத்திரம், பாதி நிலா என்று என்ன வடிவில் கிள்ளினாலும், கிள்ளல் சிறியதாக இருந்து இலை உயரப் போனால், எல்லாம் வட்டமாகிவிட்டது. "ஏன்" என்பதை அன்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சிரமப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு அந்த "ஏன்" தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் தம்பியை விடப் பெரியவர்கள் அல்லவா? சூரியன் ஒரு புள்ளி அன்று, ஒரு தட்டு. அந்தத் தட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி, முக்கோணத் துளை வழியே சென்று தரையில் ஒரு சிறு முக்கோணத்தை வரைகிறது. தட்டில் எத்தனை புள்ளிகளோ தரையில் அத்தனை முக்கோணங்கள். அவை சூரியத் தட்டின் வடிவிலேயே, அதாவது வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுகின்றன. இலை தரைக்கு அருகே இருக்கும்போது அந்த அடுக்கின் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஆகவே முக்கோணமே கண்ணில் படும். இலை இரண்டு மீட்டர் தொலைவுக்குப் போனால் அடுக்கின் அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. ஆகிவிடும். அரை சென்டிமீட்டர் முக்கோணம் அதில் கரைந்துபோகிறது. நாம் பார்ப்பது துளையின் வடிவத்தை அன்று, சூரியனின் வடிவத்தை. அந்தக் காசு ஒவ்வொன்றும் ஒரு சூரியப் படம்!

இந்தக் கேள்வி பழையது. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஒரு கிரேக்க நூலிலேயே இது கேட்கப்பட்டிருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் இபின் அல் ஹைதம் என்ற அரபு அறிஞர், கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் ஒளி ஏன் பிறை வடிவில் இருக்கிறது என்று ஆராய்ந்து ஒரு தனி நூலே எழுதினார். ஐரோப்பாவில் முழு விளக்கத்தை அச்சில் கொடுத்தவர் கெப்ளர், 1604-இல். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்ளர்தான். அவர் இதைப் புரிந்துகொள்ளச் செய்த வேலையைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்தார். அதற்குக் கீழே பல மூலைகள் கொண்ட துளையுடைய பலகை. புத்தகத்தின் மூலையில் ஒரு நூலைக் கட்டி, அதைத் துளையின் ஓரங்களை உரசிச் செல்லுமாறு இழுத்து, நூலின் முனை தரையில் தொடும் இடங்களைக் கோடிட்டார். துளையின் வடிவம் வந்தது. நூலைப் புத்தகத்தின் அடுத்தடுத்த இடங்களுக்கு மாற்றி மாற்றி இதையே செய்தார். எல்லாக் கோடுகளும் சேர்ந்தபோது தரையில் புத்தகத்தின் வடிவம் தெரிந்தது! வீட்டில் ஒரு நூலும், அட்டையும், சாக்கட்டியும் இருந்தால் போதும், தம்பியை வைத்துக்கொண்டு இதை நீங்களும் செய்யலாம்.

இன்னொன்றும் செய்யலாம். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13,90,000 கி.மீ. நமக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ 15 கோடி கி.மீ. வகுத்தால், தொலைவு விட்டத்தைப் போல் 108 மடங்கு வருகிறது. மரத்தடிக் காசுக்கும் இதே விகிதம்தான். காசின் அகலம் 5 செ.மீ. என்றால், அதை உண்டாக்கிய இலை இடைவெளி அங்கிருந்து 540 செ.மீ., அதாவது 5.4 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். மரத்தில் ஏற வேண்டியதே இல்லை, அளவுகோல் போதும். வெயில் சாய்வாக விழும்போது காசு நீள்வட்டமாக இருக்கும். அப்போது அதன் குறுகிய அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கிடைப்பது செங்குத்தான உயரம் அன்று. ஒளிக்கதிர் வந்த சாய்ந்த வழியின் நீளம். நல்ல கூர்மையான, மங்கலான காசுகளையே அளக்க வேண்டும். மிகப் பிரகாசமானவை பெரிய இடைவெளிகளிலிருந்து வருபவை. அவற்றின் ஓரங்கள் ஏமாற்றும்.

அந்த ஆண்டே டிசம்பர் 26-ஆம் நாள் காலை கங்கண சூரிய கிரகணம் வந்தது. கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் சந்திரன் சூரியனின் நடுவை மறைத்து, ஓரம் மட்டும் வளையமாகத் தெரிந்தது. எங்களிடம் பாதுகாப்பான கிரகணக் கண்ணாடி இருந்தது. (வெறும் கண்ணால் சூரியனை ஒருபோதும் பார்க்கக் கூடாது, புகையேற்றிய கண்ணாடியும் பழைய எக்ஸ்ரே படமும் கூட ஆகாது. இதில் தம்பிக்கு நீங்கள்தான் காவல்.) ஒன்பதரை மணியை ஒட்டிய சில நிமிடங்கள். எல்லாரும் கண்ணாடிக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தபோது என் மகள் மட்டும் புங்க மரத்தடிக்கு ஓடினாள். மேகம் விலகிய நேரத்தில் தரை முழுவதும் வளையல்கள்! நூற்றுக்கணக்கான வெளிச்ச வளையல்கள்!

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அப்படின்னா தினமும் விழறதும் சூரியன்தானா?"

ஏழு மாதம் காத்திருந்து அவளே கண்டுபிடித்தாள். நான் மே மாதம் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்ததும் இதுதான்! அடுத்த கங்கண கிரகணம் தென் தமிழ்நாட்டின் வழியே 2031 மே 21 அன்று வருகிறது. இன்று மூன்று வயதான தங்கை உங்களுக்கு இருந்தால், நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவில் வேறு என்னென்ன இருக்கின்றன? ஊஞ்சல் இருக்கிறது. தம்பி ஆடினால் வேகமாகப் போய் வருமா, நீங்கள் ஆடினால் வேகமாகப் போய் வருமா என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும், "நீதான் பெரிசு, நீதான் வேகம்" என்பான். பிறகு இருவரும் மாறி மாறி உட்கார்ந்து, சிறு வீச்சாக ஆடி, பத்து ஆட்டங்களுக்கு நேரம் பாருங்கள். சங்கிலி 2 மீட்டர் என்றால் இருவருக்கும் ஏறத்தாழ 28 விநாடிதான் ஆகும். எடை எதையும் மாற்றுவதில்லை. எண்ணுவது அவனாகவே இருக்கட்டும். ஆறுக்குப் பிறகு எட்டு என்று தாவினால் மறுபடி எண்ணினால் போகிறது.

சீசாப் பலகையில் விளக்கமே வேண்டாம். நீங்கள் 45 கிலோ, அவன் 15 கிலோ என்றால் அவன் மேலேயே தொங்கிக்கொண்டிருப்பான். "நான் எங்கே உட்கார்ந்தால் நீ கீழே வருவே?" என்று மட்டும் கேளுங்கள். உங்களை முன்னும் பின்னும் நகர்த்தி, நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தொலைவுக்கு அவனே கொண்டுவந்து விடுவான். ஆர்க்கிமிடீஸ் அவனுக்குப் பின்னால் வரட்டும்.

சறுக்குமரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மார்கழி மாதக் காலையில், வெயில் ஏறுமுன், இரும்புக் கைப்பிடியையும் அருகில் உள்ள மரப் பலகையையும் தம்பி தொட்டுப் பார்க்கட்டும். "இரும்பு ஜில்லுன்னு இருக்கு" என்பான். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஆனால் இரண்டும் இரவு முழுவதும் ஒரே காற்றில் கிடந்தவை. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ். காலைக் காற்று 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தொட்டவுடன் விரலிலிருந்து வெப்பம் கிளம்புகிறது. இரும்பு அதை விரைவாக வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு மேலும் கேட்கிறது. மரம் வாங்கியதை மேற்பரப்பிலேயே வைத்துக்கொண்டு திணறுகிறது. "ஜில்" என்பது இரும்பின் குணம் அன்று; நம் கையிலிருந்து வெப்பம் ஓடும் வேகம். இதை ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்லிப் பயனில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே இரும்பையும் மரத்தையும் கல்லையும் பிரித்துச் சொல்லும் விளையாட்டை அது விடாமல் ஆடும். ஒரு சங்கதி: சித்திரை வெயிலில் அதே இரும்பு தொடையைப் பொசுக்கிவிடும். உட்காரும் முன் உங்கள் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள்.

எங்கள் பூங்காவில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று உண்டு. பெயரைக் கேட்டதும் சிறுவர்கள் சிரிப்பார்கள். "மரம் தூங்குமா?" என்று கேட்பார்கள். தூங்குமே என்றும் சொல்ல வேண்டாம், தூங்காது என்றும் சொல்ல வேண்டாம். மாலை நான்கு மணிக்கு ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை, அதன் கிளைகளை அண்ணாந்து பார்த்தால் போதும். விரிந்திருந்த சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடிந்திருக்கும். காம்பின் அடியில் உள்ள சிறு புடைப்பில் ஒரு பக்கச் செல்களிலிருந்து நீர் வெளியேறுவதால் வரும் மாற்றம் இது. தொட்டாற்சுருங்கி செய்வதும் இதையேதான். அது நொடியில் செய்கிறது. இந்த மரம் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து நம் ஊருக்கு வந்தது. வந்த மரத்துக்கு இப்படி ஒரு பெயர் வைத்த நம் மக்கள் அதை எவ்வளவு கவனித்திருக்க வேண்டும்!

செடிகளைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. பூங்கா வேலியோரம் நிற்கும் அரளியின் எல்லாப் பாகமும் விஷம். சிவப்பும் கறுப்புமாக மினுமினுக்கும் குன்றிமணியும் அப்படியே. பொறுக்கலாம், பார்க்கலாம், தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கை கழுவ வேண்டும். இதில் மட்டும் கேள்வி கேட்டுக் காத்திருக்காதீர்கள். நேராகச் சொல்லிவிடுங்கள்.

சிறு குழந்தைகளின் தவறான விடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெனீவா நகரத்து உளவியல் அறிஞர் பியாஜே, 1920-களில் குழந்தைகளிடம் பேசிப் பேசியே அவர்கள் உலகத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். மரங்கள் ஆடுவதால் காற்று உண்டாகிறது என்று சின்னஞ்சிறு குழந்தைகள் நம்பலாம். சிரிக்காதீர்கள். விசிறி ஆடினால் காற்று வருகிறது, அட்டை ஆடினால் காற்று வருகிறது. மரம் ஆடினால் வராதா? அது முட்டாள்தனம் அன்று. கையில் உள்ள சான்றை வைத்துச் செய்த ஊகம். அதை மறுக்க வேண்டுமானால் வேறு சான்று வேண்டும். என் மகளும் இதையே சொன்னாள். நாங்கள் காவிரி மணலுக்குப் போனோம். சுற்றிலும் எட்டும் தூரத்துக்கு மரம் இல்லை. காற்று அவள் பாவாடையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அவள் ஒன்றும் பேசாமல் நாலாபுறமும் மரம் தேடினாள்.

நிலா நம்மோடு கூடவே வருகிறது என்பதும் பியாஜே குறித்து வைத்த நம்பிக்கைகளில் ஒன்று. ஊர் ஊராகக் குழந்தைகள் சொல்வதுதான். இதற்கு ஓர் அருமையான சோதனை உண்டு. வளர்பிறை நாள் ஒன்றில், மாலை இருட்டும் நேரம், பூங்காவின் நீண்ட பாதைக்குப் போங்கள். தம்பியையும் அவன் சிநேகிதனையும் முதுகோடு முதுகாக நிறுத்துங்கள். ஒருவன் கிழக்கே போகட்டும், மற்றவன் மேற்கே. ஐம்பது எட்டு நடந்த பின் நிற்கச் சொல்லி, இருவரையும் கத்திக் கேளுங்கள்: "நிலா யாரோடு வந்தது?"

"என்கூட!" என்று இருவரும் கத்துவார்கள்.

பிறகு நடப்பதைப் பார்க்க வேண்டும். சண்டை வரும். "பொய் சொல்றான்" என்பான் ஒருவன். மறுபடி நடப்பார்கள். இடம் மாற்றிக்கொண்டு நடப்பார்கள். நான் பார்த்த சண்டை ஒன்றில் ஒரு பையன், "ரெண்டு நிலா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னான். என் மகளோ வெகு நேரம் யோசித்து, "நிலா யார்கூடயும் வரலை" என்றாள். எந்த விடையையும் நான் திருத்தவில்லை.

காரணம் உங்களுக்காக. நடக்கும்போது அருகில் உள்ள விளக்குக் கம்பம் விர்ரென்று பின்னால் போகிறது. தெருக்கோடி வீடு மெதுவாகப் போகிறது. எங்கள் ஊர் மலைக்கோட்டை இன்னும் மெதுவாக, நகர்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்கு நகர்கிறது. பொருள் எவ்வளவு தொலைவோ, நாம் பார்க்கும் திசை அவ்வளவு குறைவாக மாறுகிறது. நிலா ஏறத்தாழ 3,84,000 கி.மீ. தொலைவில் இருக்கிறது. நூறு மீட்டர் நடந்தால் அதன் திசையில் உண்டாகும் மாற்றத்தைக் கண்ணால் காண முடியாது. கம்பங்களும் வீடுகளும் பின்னால் போக, பின்னால் போகாத ஒன்று நம்மோடு வருவதாகத்தானே தோன்றும்? குழந்தை பார்த்தது சரி. அதற்குச் சொன்ன காரணம்தான் வேறு.

இப்படி நடப்பது இன்று புதிதாக வந்த பழக்கமும் அன்று. குழந்தைக் கல்வியில் பெயர் பெற்ற இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், உலகப் போரினால் நாடு திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்தது. அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். அங்கே அவரும் அவர் மகனும் குழந்தைகளோடு செடிகளையும் சிற்றுயிர்களையும் தேடிச் சேர்த்து, பார்த்து, பேசியதிலிருந்துதான் இயற்கை பற்றிய அவர்களுடைய பாடங்களில் பல உருவாயின.

நீங்கள் மாண்டிசோரி அம்மையார் ஆக வேண்டாம். மெதுவாக நடந்தால் போதும். ஒரு மணி நேரத்தில் நூறு மீட்டர் போனால் அது நல்ல நடை. தம்பி நின்றால் நில்லுங்கள். அவன் குனிந்தால் நீங்களும் குந்தி உட்காருங்கள். அவன் கண் மட்டத்திலிருந்து பார்த்தால்தான் அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரியும். கைபேசியில் தேடி விடை சொல்வது வெகு சுலபம். ஆனால் அதைப் பையிலேயே வைத்திருங்கள். இரவு வீட்டில் உங்களுக்காகத் தேடிக்கொள்ளலாம். "தெரியலையே, என்ன செய்து பார்க்கலாம்?" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், கல்லூரி ஆசிரியனான எனக்கு அது பழக ஆறு மாதம் ஆனது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இலையில் முக்கோணம் கிள்ளிய அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இயற்பியல் அன்று, வணிகவியல். எனக்குச் சற்று வருத்தம்தான். அவள் தம்பியும் என் மகளும் உங்களைப் போல உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். சென்ற வாரம் மின்சாரம் போயிருந்த ஒரு முன்னிரவில் வாசலில் உட்கார்ந்திருந்தோம். வேப்ப மரத்தின் நிழல் நிலவொளியில் தரையில் கிடந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, பாதி நிலா அன்னைக்கு இங்கே என்ன விழும்?" என்றாள்.

"நீ என்ன நினைக்கிறே?" என்றேன்.

ஒரு பெரிய வெள்ளைத் தாளும், நடுவில் துளையிட்ட அட்டையும் எடுத்து வைத்திருக்கிறாள். வளர்பிறை எட்டாம் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.